சுடாத கால்

வலது காலில் எவ்வளவு தேறும் என்பதை வெள்ளிக்கிழமை காலையில் சொல்கிறேன் என்று டாக்டர் சுகன்யா சொல்லிவிட்டுப் போனார். குச்சிக்கிழங்கு லோடில் மண் போக எவ்வளவு தேறும் என்று சொல்கிற மாதிரியேதான் இருந்தது அந்தப் பேச்சு. அங்கமுத்துவுக்கு அது பழகிய பேச்சு. ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில், மரவள்ளியில் ஜவ்வரிசி செய்கிற ஒரு சேகோ பேக்டரி எடை மேடையில் உட்கார்ந்து, கிழங்கு லாரியை ஏற்றி நிறுத்தி, மண்ணுக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துச் சீட்டு எழுதுவதுதான் பதினோரு வருசமாக அவர் பிழைப்பு. இப்போது கழிபடக் காத்திருப்பது அவர் கால்.

அன்றைக்குச் செவ்வாய். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். வலது பாதத்தைப் பெரிய கட்டாகக் கட்டி, இரண்டு தலையணை மேல் தூக்கி வைத்திருந்தார்கள்.

"பாத்தியா புள்ள, காலுக்கு ரெண்டு தலகாணி, எனக்கு ஒண்ணுதான். இங்க யாரு மொதலாளின்னு தெரியுதா?" என்றார் மனைவி அத்தாயியிடம்.

"மொதலாளி போறதா இருந்தா முன்னாடியே சொல்லச் சொல்லுங்க. நானும் ஒருக்கா கும்புட்டுக்கறேன்."

அத்தாயி அதே பேக்டரியில் இருபது வருசமாகக் கிழங்கு உரிக்கிறவள். கத்தியை வீட்டில் வைத்துவிட்டு வந்தாலும் நாக்கை வைத்துவிட்டு வரமாட்டாள்.

அவள் கும்பிடுவதாகச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஆளைப் பார்க்க வருகிறவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் விசாரிப்பார்கள். ஊரிலிருந்து அங்கமுத்துவைப் பார்க்க வந்தவர்கள் நேராகக் கால்மாட்டுக்குப் போய் நின்று கட்டுப்போட்ட பாதத்தைக் கும்பிட்டார்கள். ஒரு அம்மா அதன்மேல் ஒரு கொத்து வேப்பிலையை வைத்துவிட்டுப் போக, நர்ஸ் வந்து போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பத்து நாளைக்கு முன்னால் ஊர் மாரியம்மன் பண்டிகையில் அங்கமுத்து குண்டம் இறங்கியிருந்தார். மற்றவர்கள் நெருப்பின்மேல் ஓடினார்கள். அங்கமுத்து நடந்தார். நடுக் குண்டத்தில் நின்று, கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மறுபடி நடந்தார்.

"அவிங்ககிட்ட நெசத்தச் சொல்லிறட்டுங்களா?" என்றாள் அத்தாயி.

"வேண்டாம் புள்ள. வெள்ளிக்கெழம வரைக்கும் சாமியா இருந்துட்டுப் போறேன். இருவது வருசம் மூட்ட தூக்குன முதுவ ஒரு நாய் கும்புட்டதில்ல."

அந்த முதுகு ஒரு காலத்தில் நன்றாகத்தான் இருந்தது. பதினெட்டு வயதில் பேக்டரிக்கு லோடுமேனாக வந்தவர். ஜவ்வரிசி மூட்டை ஒன்று தொண்ணூறு கிலோ. அவரும் சின்னானும் ஜோடி. பலகையில் ஏறி லாரியில் அடுக்கிவிட்டு இறங்குவதற்குள் அடுத்த மூட்டை முதுகுக்கு வந்துவிடும். அந்த வேலைக்குக் காலையில் ஒரு குண்டான் பழைய சோறு, பதினோரு மணிக்கு நாலு புரோட்டா, மத்தியானம் சோறு, சாயங்காலம் கையில் கிடைத்தது. தின்றது எல்லாம் பொழுது சாய்வதற்குள் வேர்வையாய் இறங்கிவிடும். உடம்பில் ஒரு பிடி சதை பிடிக்க இடம் இருக்காது.

முப்பத்தெட்டில் இடுப்பு பிடித்துக்கொண்டது. எட்டாவது வரை படித்தவர் என்பதால் எடை மேடையில் நாற்காலி கொடுத்தார்கள். நாற்காலிக்கு மேலே ஒரு பேன். அங்கமுத்து மூட்டையை இறக்கி வைத்தார். சோற்றை இறக்கி வைக்கவில்லை. குண்டான் அதே குண்டான், புரோட்டா அதே நாலு. அதோடு, மண்ணுக்குக் கழிக்கும்போது கொஞ்சம் கை தளரட்டும் என்று கிழங்கு லாரிக்காரர்கள் ஆளுக்கொரு டீயும் போண்டாவும் ஜன்னல் வழியாக நீட்டினார்கள். ஒரு நாளைக்கு இருபது லாரி வரும். அங்கமுத்து நேர்மையான ஆள், மண்ணில் ஒரு கிலோகூட விட்டுக்கொடுக்கமாட்டார். போண்டாவையும் விட்டுக்கொடுத்ததில்லை.

மாசம் பிறந்தால் எடை பார்ப்பது அவர் வழக்கம். காலையில் முதல் லாரி வருவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு எடை மேடையின் நடுவில் போய் நிற்பார். உள்ளே இருந்து சின்னான் எண்ணைப் படித்துச் சொல்வான். மூன்று வருசமாக நூறு. ஆடியிலும் நூறு, தீபாவளி முடிந்தும் நூறு.

"ஒரு கிராம் ஏறல பாத்தியா. அதுதான் கட்டுப்பாடு," என்பார்.

அறுபது டன் லாரியை நிறுக்கிற மேடை அது. பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். தொண்ணூற்றைந்து கிலோ நின்றாலும் நூறு, நூற்று நாலு நின்றாலும் நூறு. "மிஷின் பத்து கிலோ முன்னப்பின்னத்தான் காட்டும் சாமி" என்று தினமும் இருபது டிரைவருக்கு விளக்கம் சொல்கிறவர் அங்கமுத்துதான். தனக்குச் சொல்லிக்கொள்ள அவருக்கு மூன்று வருசமாக நேரம் கிடைக்கவில்லை.

போன தை மாசம் முதல் தேதி சின்னான் உள்ளேயிருந்து, "நூத்திப் பத்து" என்றான்.

"மிஷின் போச்சு," என்றார் அங்கமுத்து.

சரிபார்க்க வைத்திருந்த இருபது கிலோ இரும்புக் கற்கள் ஐந்தை எடுத்து வரச் சொல்லி மேடையில் வைத்தார். நூறு. கற்களை இறக்கினார். பூஜ்யம். மறுபடி ஏறி நின்றார். நூற்றுப் பத்து.

"மிஷின் நல்லாத்தான் இருக்குதப்பா. லோடுதான் ஓவர்," என்றான் சின்னான். அவன் கையும் காலும் கிழங்குக் குச்சி மாதிரி இருக்கும். நடுவில் வயிறு மட்டும் கவிழ்த்து வைத்த சட்டி. கையையும் காலையும் பார்த்து, தான் ஒல்லி என்றே அவன் நினைப்பு.

ஏற்கெனவே வீட்டில் அத்தாயி வேறொரு கணக்கு வைத்திருந்தாள். ராத்திரி ஐந்து தடவை எழுந்து போகிறார். பின்பக்கம் அவர் ஒன்றுக்குப் போகிற இடத்தில் எறும்பு வரிசை கட்டுகிறது. கால் மதமதவென்று இருக்கிறது என்று தரையில் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். "எறும்புக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலீங்களா?" என்று இழுத்துக்கொண்டு போய் இதே டாக்டர் சுகன்யா முன்னால் உட்கார வைத்தாள்.

டாக்டரின் தராசு போண்டா சாப்பிடாத தராசு. நூற்றேழு என்றது. இடுப்பைச் சுற்றி டேப் பிடித்தார்கள். நர்ஸின் கை ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்பி வரச் சற்று நேரம் ஆனது. ரத்தத்தில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி பத்துப் புள்ளி நாலு. இருக்க வேண்டியது ஆறுக்குள்.

"இன்னொரு டெஸ்ட்டும் எடுத்தோம். உடம்புக்குள்ள அழற்சி இருக்கான்னு காட்டறது. அதுவும் கூட இருக்குதுங்க," என்றார் டாக்டர்.

"எனக்குக் காய்ச்சல் ஏதும் இல்லீங்களே?"

"காய்ச்சலாத் தெரியாது. புண்ணு வந்தா சுத்தி செவந்து சூடா வீங்குது இல்லீங்களா? கிருமியோட சண்டை போட உடம்பு ஆள் அனுப்புது. சண்டை முடிஞ்சா ஆளு திரும்பிரும். உங்க தொப்பைக்குள்ள இருக்கற கொழுப்பு சும்மா படுத்துக் கெடக்கற சரக்கு இல்ல. அளவுக்கு மேல அடைச்சா அந்தச் செல்லெல்லாம் மூச்சுத் திணறுது, சிலது சாகுது. உடனே ஆள் வந்துருது. கிருமின்னு ஒண்ணு இல்லாததனால சண்டை முடியறதே இல்ல. வருசக்கணக்கா உள்ளுக்குள்ள கனன்றுட்டே இருக்கும்."

அங்கமுத்துவுக்குச் சட்டென்று பிடிபட்டது. கிழங்கை அரைத்துப் பால் எடுத்தபின் மிஞ்சுகிற சக்கைக்குத் திப்பி என்று பேர். களத்தில் பரப்பிக் காயப்போட வேண்டும். சோம்பல்பட்டு ஈரத்தோடு குமித்து வைத்தால் மேலே பார்க்கச் சாதுவாகக் கிடக்கும், உள்ளே கையை விட்டால் கை பொத்துப்போகும். தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். பதினோரு வருசத் திப்பி.

"சரிங்க டாக்டரம்மா, வயித்துல கனன்றா ரத்தத்துல எதுக்குங்க சர்க்கர?"

"அந்தச் சண்டையில வர்ற கழிவெல்லாம் ரத்தத்துல ஓடுது. சதைக்கும் ஈரலுக்கும் இன்சுலின் சொல்றது காதுல விழ மாட்டேங்குது. இதுமட்டுமே காரணம்னு இல்ல. குடும்பத்துல யாருக்காச்சும் இருந்துருக்கும், தூக்கம், சாப்பாடு எல்லாம் சேந்துதான். ஆனா உங்களுக்கு இது பெரிய பங்கு."

சீசனில் பேக்டரி கேட் முன்னால் நிற்கிற லாரி வரிசை அங்கமுத்துவின் கண்ணில் வந்தது. உள்ளே இடம் இருக்கும், கிழங்கும் வேண்டும். ஆனால் உள்ளே நடக்கிற சத்தத்தில் வாட்ச்மேனுக்கு ஹாரன் கேட்காது. கேட் திறக்காது. வண்டிகள் ரோட்டில் நின்று நின்று கிழங்கு அழுகும். சர்க்கரையும் அப்படித்தான் ரோட்டில் நிற்கிறது போல. உள்ளே விடச் சொல்லி மேலே மேலே இன்சுலின் சீட்டு எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிற எடை மேடைக்காரனும் ஒரு நாள் ஓய்ந்துபோய் உட்கார்ந்துவிடுவான்.

டாக்டர் மாத்திரை எழுதினார். தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார். ஏழெட்டுக் கிலோ இறங்கினாலே உள்ளே கனல்வது கணிசமாகத் தணியும் என்றார். எழுந்து போகும்போது, "கால் மதமதங்குதுன்னு சொன்னீங்க இல்ல, தினமும் பாதத்தைப் பாருங்க. வெறுங்காலோட மட்டும் நடக்காதீங்க," என்றார்.

அங்கமுத்து எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் கேட்டுக்கொண்டார். முதல் பத்து நாள் மாத்திரை போட்டார். வயிறு கடமுடா என்றது. பதினோராம் நாள் ஊரில் பண்டிகைக்குப் பூச்சாட்டினார்கள். அங்கேதான் அவர் மூளை வேலை செய்தது.

உடம்புக்குள் நெருப்பு கனல்கிறது என்று படித்த டாக்டரே சொல்லிவிட்டார். அம்மையும் காய்ச்சலும் சூடும் யாருடைய அதிகாரம்? மாரியாத்தாளுடையது. அப்படியிருக்க ஃபேர்லேண்ட்ஸில் போய் மனுக் கொடுத்தது தப்பு. துறை மாறிப் போய்விட்டது. இளவட்டமாக இருந்தபோது பன்னிரண்டு வருசம் தொடர்ந்து குண்டம் இறங்கியவர் அவர். உடம்பு பெருத்தபின் விட்டுவிட்டார். ஆத்தா கோவித்துக்கொண்டு சர்க்கரையை அனுப்பிவிட்டாள். நேராகப் போய் இறங்கிவிட்டால் கணக்கு முடிந்தது.

காப்புக் கட்டிக்கொண்டார். காப்புக் கட்டினால் கறி, மீன், சாராயம் கூடாது. மாத்திரையில் என்ன கறி கலந்திருக்கிறதோ என்று அதையும் சேர்த்து நிறுத்தினார். இது எந்தக் கோயிலிலும் இல்லாத விதி, அங்கமுத்து தானாகச் சேர்த்தது. பூசாரி கேட்டிருந்தால் சாமி மாத்திரை வேண்டாம் என்று சொல்லவில்லையே என்றிருப்பார். அதனால் பூசாரியைக் கேட்கவில்லை.

பதினைந்து நாள் விரதம். ஒரு வேளைதான் சோறு. மீதி நேரத்துக்குக் காலையில் வெல்லம் கரைத்த பானகம் ரெண்டு சொம்பு. தீர்த்தம் எடுக்கப் போகும்போது இளநீர். விரதக்காரர் வந்திருக்கிறார் என்று வீட்டுக்கு வீடு வாழைப்பழம். மாவிளக்கு எடுத்த பெண்கள் எல்லாம், "சாமி, ஒரு வாய்" என்று பச்சரிசி மாவும் வெல்லமும் சேர்ந்த உருண்டையைக் கையில் வைத்தார்கள். அங்கமுத்து ஒருவரையும் மனம் நோக வைக்கவில்லை.

"இது விரதமா, லோடு ஏத்தறதுங்களா?" என்றாள் அத்தாயி.

"சாமி காரியத்துல வாய வெக்காத."

"வாய வெச்சது நானில்லீங்க."

குண்டத்தன்று விடிகாலை. ராத்திரி முழுக்க எரித்த நாலு வண்டி விறகு, சிவப்புத் தணலாகத் தட்டிப் பரப்பிக் கிடந்தது. பத்தடி தள்ளி நின்றாலே முகம் காந்தியது. மஞ்சள் வேட்டி ஈரமாகத் தொடையில் ஒட்ட, வரிசையில் ஏழாவது ஆளாக நின்றார் அங்கமுத்து. உள்ளூர அவருக்குப் பயம்தான். இளவட்டத்தில் ஓடியபோதே ஒவ்வொரு அடிக்கும் உயிர் போய் வரும். இன்று நூற்றுச் சொச்சம் கிலோவைத் தூக்கிக்கொண்டு எப்படி ஓடுவது? நடுவில் விழுந்தால் தூக்க நாலு பேர் இறங்க வேண்டும். அந்த நாலு பேர் என்ன பாவம் செய்தார்கள்?

முதல் அடி வைத்தார். ஒன்றும் இல்லை.

இரண்டாவது அடி. மத்தியானக் களத்தில் காய்கிற திப்பி மேல் நடக்கிற மாதிரி மெத்தென்று இருந்தது. சூடு என்று சொல்ல எதுவும் இல்லை. அங்கமுத்து நம்பாமல் கீழே பார்த்தார். பாதம் தணலுக்குள் புதைந்து இருந்தது. அவருடைய பாதம்தான். அப்போது அவருக்கு விளங்கிவிட்டது. ஆத்தா வந்துவிட்டாள். ஓட வேண்டிய அவசியமே இல்லை. நடுக் குண்டத்தில் நின்றார். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார். பெண்கள் குலவையிட்டார்கள். மெதுவாக, மேடையில் மாலை வாங்கப் போகிறவர் மாதிரி நடந்து அக்கரை ஏறினார். பூசாரி திருநீற்றை அள்ளி நெற்றி நிறையப் பூசினார். அங்கமுத்து கூட்டத்தின் நடுவில் நின்று தேம்பித் தேம்பி அழுதார். அழுது முடித்துவிட்டு மூன்று தடவை பொங்கல் வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் அவர் படுத்திருந்த பாயில் கால்மாட்டில் ஈரம் இருந்தது.

"வேர்வ," என்றார்.

"கால்ல மட்டுமுங்களா?"

மூன்றாம் நாள் வாடை வந்தது. பாதத்தைத் திருப்பிப் பார்த்த அத்தாயி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்ததில்தான் அங்கமுத்துவுக்குக் காலைப் பற்றி முதல்முதலாகப் பயம் வந்தது. தோல் வழன்று, உள்ளங்கால் சிவந்த கிழங்கு மாதிரி இருந்தது. ஆத்தா குளிர்வித்து விடுவாள் என்று இன்னும் இரண்டு நாள் மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் சுண்டுவிரல் கறுத்தது. சின்னான் தன் மொபெட்டை எடுத்து வந்தான். அங்கமுத்து பின்னால் உட்கார்ந்ததும் மேட்டில் வண்டியின் முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பியது. "நவுந்து உக்காரப்பா, வண்டி குதிர மாதிரி நிக்குது" என்று கத்திக்கொண்டே சேலம் வரை ஓட்டினான்.

டாக்டர் சுகன்யா பாதத்தைப் பார்த்தார், அங்கமுத்துவின் முகத்தைப் பார்த்தார், மறுபடி பாதத்தைப் பார்த்தார்.

"எங்க நடந்தீங்க?"

"குண்டத்துலீங்க."

"வெறுங்காலோட நடக்காதீங்கன்னு சொன்னேன் இல்லீங்களா?"

அங்கமுத்துவுக்கு, செருப்புப் போட்டுக்கொண்டு குண்டம் இறங்க வழி இல்லை என்று சொல்ல வாய் வந்தது, அத்தாயியைப் பார்த்ததும் அடங்கிக்கொண்டது.

டாக்டர் பேனா மாதிரி ஒன்றை எடுத்தார். அதன் நுனியில் மீன் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு சின்ன நைலான் இழை. "கண்ணை மூடிக்குங்க. புண்ணு இல்லாத எடத்துல இதை வைப்பேன். படறப்பல்லாம் ஆமான்னு சொல்லுங்க."

அங்கமுத்து கண்ணை மூடிக்கொண்டு, பரீட்சைக்கு உட்கார்ந்த பையன் போலக் காத்திருந்தார். அறையில் பேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ரொம்ப நேரம் ஆனது.

"எப்பங்க ஆரம்பிப்பீங்க?" என்றார்.

"முடிஞ்சுதுங்க. ரெண்டு கால்லயும் பத்துப் பத்து எடம் வெச்சுட்டேன்."

கண்ணைத் திறந்தார். அத்தாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"சர்க்கரை உங்களுக்கு இந்தத் தையில வந்ததில்ல, பல வருசமா இருந்துருக்குது. பாதத்து நரம்பு உணர்ச்சி போயிருச்சு. அதனாலதான் சுடல," என்றார் டாக்டர். "நெருப்பு அதோட வேலையைச் செஞ்சுது. சொல்ல வேண்டிய நரம்புதான் சொல்லல. சர்க்கரையும் அழற்சியும் இவ்வளவு இருக்கறப்போ புண்ணு சீக்கிரம் ஆறாது. பாப்போம்."

டாக்டர் போனபின் அத்தாயி சொன்னாள்: "ஆத்தா வந்தான்னு அழுதீங்க. வரலீங்க. உங்க காலுதான் போயிருந்திருக்குது."

அதற்கப்புறம்தான் ஊர் கிளம்பி வந்து கட்டைக் கும்பிட ஆரம்பித்தது. செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று நாளும் அங்கமுத்து சாமியாகவே இருந்தார். வருகிறவர்கள் கேட்டால், "எல்லாம் அவ குடுத்தது" என்று கண்ணை மூடிக்கொள்வார். சுட்டதா என்றால், "பூ மாதிரி இருந்துச்சு சாமி" என்பார். அது பொய்யில்லை. ஆனால் ராத்திரி ஊசி போட வருகிற நர்ஸ் போனபின், போர்வையை விலக்கி இடது காலைப் பார்ப்பார். கட்டை விரலை நகத்தால் கிள்ளுவார். யாரோ பக்கத்து வீட்டுக்காரன் காலைக் கிள்ளுகிற மாதிரி இருக்கும். இத்தனை வருசம் லாரி லாரியாக மூட்டை ஏற்றிய கால். மிச்சமிருக்கிற பாதத்தையாவது விட்டுவிடு என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல், டாக்டரம்மாவிடமும் ஆத்தாளிடமும் ஒரே மூச்சில் கேட்டுவைத்தார். இந்த முறை இரண்டு துறைக்கும் மனு.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே சின்னான் வந்துவிட்டான். துணைக்கு இருக்கட்டும் என்று பேக்டரிக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான். டாக்டர் வந்து கட்டைப் பிரித்தார். அங்கமுத்து கூரையைப் பார்த்துக்கொண்டார்.

"சுண்டுவெரலும் அதுக்குப் பக்கத்து வெரலும் போகணுங்க. அதைத் தாண்டிப் பரவல. சர்க்கரையும் எறங்கிட்டு வருது. இன்சுலினை நிறுத்தாம, சொன்னபடி கேட்டீங்கன்னா பாதம் நிக்கும்."

அறையில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டார்கள்.

"ரெண்டு வெரலும் சேந்து எத்தன கிராம் இருக்குமுங்க டாக்டரம்மா?" என்றார் அங்கமுத்து.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"எட கொறைங்கன்னீங்க. ஆரம்பிச்சாச்சுல்லீங்களா. என்ன, எங்க மிஷின்ல காட்டாது."

டாக்டர் சிரிக்காமல் இருக்க முயன்று, முடியாமல், நாளைக் காலை ஆபரேசன் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அத்தாயி சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினாள்.

சின்னான் கட்டிலில் வந்து உட்கார்ந்தான். "நின்னுருச்சு பாத்தியா! எனக்குத் தெரியும். ஏப்பா, உன்ற காலு நிக்கோணும்னு நானும் நேந்துக்கிட்டேன்." சட்டைக் கையை மேலே தள்ளினான். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. "மாமனாரு ஊர்ல வர்ற ஞாயித்துக்கெழம குண்டம். உனக்காவ எறங்கறேன்."

அங்கமுத்து அந்தக் காப்பையே பார்த்தார்.

"உனக்கும் சர்க்கர இருக்குதுல்ல?"

"அது கெடக்குது கொஞ்சமா. ஞாபகம் வந்தா மாத்தர போட்டுக்கறேன். நான் என்ன உன்னாட்டமா இருக்கறேன், ஒல்லி ஒடம்பு." தன் சட்டி வயிற்றைத் தட்டிக்கொண்டான். "அதுவுமில்லாம, எனக்கும் ஆத்தா குடுத்துட்டான்னு நெனைக்கறேன். போன வாரம் பாய்லர் பக்கம் கங்கு மேல கால வெச்சுட்டேன். ஒண்ணுமே தெரியலப்பா! உன்னாட்டமே நானும் நடுவுல நின்னு கும்புடப் போறேன் பாரு."

அங்கமுத்து அத்தாயியைப் பார்த்தார். அவள் இவரைப் பார்த்தாள். இது இவர் சொல்ல வேண்டியது என்று விட்டுவிட்டாள்.

மூன்று நாள் சாமியாக இருந்தது நன்றாகத்தான் இருந்தது. இனிமேல் ஊரில் போய் நின்றால், நெருப்பு தெரியாத அளவுக்குச் செத்த காலை வைத்துக்கொண்டு கும்பிடு வாங்கியவன் என்று சிரிப்பார்கள். எடை மேடை ஜன்னலில் லாரிக்காரர்கள் டீயோடு சேர்த்துக் கேலியையும் நீட்டுவார்கள். நீட்டட்டும், டீயில் சர்க்கரை இல்லாமல் இருந்தால் சரி.

"சின்னா, எனக்கு ஆத்தா வல்லடா," என்றார். "காலு செத்துப்போச்சு. அதான் சுடல. ஆறு மாசமா மதமதன்னு இருந்தத நான் சட்ட பண்ணல."

"உனக்கு ஊசி போட்டுப் போட்டுக் கிறுக்குப் புடிச்சிருச்சு. ஊரே பாத்துச்சு."

"ஊரு என்ற மூஞ்சியத்தான பாத்துச்சு? கால யாரு பாத்தா?"

"போப்பா. என்ற காலெல்லாம் நல்லாத்தான் இருக்குது. நீ சாமி குத்தமாப் பேசாத."

அங்கமுத்து அதற்குமேல் வாதாடவில்லை. லாரிக்காரன் எடையை நம்பாவிட்டால் வாதாடுவதில் பிரயோசனம் இல்லை, மறுபடி மேடையில் ஏற்றுவதுதான் வழி. "புள்ள, அந்த மூலையில வெளக்குமாறு இருக்குது பாரு. ஒரு குச்சி உருவிட்டு வா," என்றார். "சின்னா, செருப்பக் கழட்டிட்டுக் கால இப்படி என்ற மடிமேல போடு. கண்ண மூடிக்க. குச்சி படறப்பல்லாம் ஆமான்னு சொல்லோணும். அவ்வளவுதான். நீ ஆமான்னு சொல்லீட்டியானா, நீ குண்டம் எறங்கறதுக்கு நானே வந்து குலவை போடறேன்."

"இதென்னப்பா சின்னப்புள்ள வெளையாட்டு," என்று சிரித்துக்கொண்டே சின்னான் காலை நீட்டிக் கண்ணை மூடினான்.

வெடித்துப்போன அந்த உள்ளங்கால் அங்கமுத்துவுக்குத் தன் கால் மாதிரியே பழக்கமானது. ஒரே பலகையில் இருபது வருசம் இவருக்கு முன்னால் ஏறிய கால். பெருவிரலுக்குக் கீழே குச்சியை வைத்து அழுத்தினார். சின்னான் பேசாமல் இருந்தான். நடுப்பாதத்தில் வைத்தார். பேசாமல் இருந்தான். குதிகாலில் ஒருமுறை, சுண்டுவிரல் அடியில் ஒருமுறை. பக்கத்துக் கட்டில்காரர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். அங்கமுத்து இன்னொரு முறை பெருவிரலடிக்கே போய்க் கொஞ்சம் பலமாக அழுத்தினார். குச்சி வளைந்தது.

"ஏப்பா," என்றான் சின்னான், கண்ணைத் திறக்காமல், சிரித்த முகத்தோடு. "எப்பத்தான் ஆரம்பிப்ப?"

அத்தாயி செருப்பை மாட்டக்கூட நிற்காமல் வெளியே ஓடினாள். வராண்டாவில் நர்ஸைக் கூப்பிடுகிற அவள் குரல் கேட்டது:

"ஏனுங்க அம்மிணி, டாக்டரம்மா கீழ எறங்கிட்டாங்களா? இங்க இன்னொருத்தரு இருக்கறாருங்க!"